கடைத்தெருவுக்கு ஒரு சங்கம்: பி.ஐ.ஏ. பற்றி நம் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோவில் கடை நடத்தும் நம்மவர்களில் பலர் பி.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்தை முதன்முதலில் பார்ப்பது ரீ.எம்.ஐ. கணக்கில்தான். வரி, பராமரிப்பு, காப்புறுதி என்று வாடகைக்கு மேலே வரும் அந்தப் பட்டியலில், ஒரு வரியில், விளக்கம் ஏதும் இல்லாமல் ஒரு தொகை இருக்கும். "இது என்ன புதுசா?" என்று கேட்டால் கட்டடச் சொந்தக்காரர் தோளைக் குலுக்குவார். நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு கோபத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய், அங்கேயே மாட்டிக்கொண்டு, நாலு வருடம் எங்கள் தெருவின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். அந்த நாலு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளும் இவை.

பி.ஐ.ஏ. என்றால் என்ன?

வியாபார மேம்பாட்டுப் பகுதி என்று சொல்லலாம். ஒரு கடைத்தெருவின் எல்லையை வரைபடத்தில் குறிப்பார்கள். அந்த எல்லைக்குள் இருக்கும் வர்த்தகச் சொத்துகளின் உரிமையாளர்களும், அவற்றில் வரிப் பங்கைக் கட்டுகிற வாடகைக் கடைக்காரர்களும் தாமாகவே உறுப்பினர் ஆகிவிடுவார்கள். விருப்பம் கேட்பதில்லை. ஆண்டுதோறும் ஒரு கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்து வரும். நகரசபை அதை வசூலித்து அப்படியே அந்தத் தெருவின் குழுவிடம் கொடுத்துவிடும்.

ரொறன்ரோவில் இப்படி எண்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒன்ராறியோ முழுவதும் பார்த்தால் முந்நூறைத் தாண்டும்.

இது எங்கே தொடங்கியது?

இங்கேதான். உலகத்திலேயே முதலாவது பி.ஐ.ஏ. ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் உள்ள புளூர் வெஸ்ட் வில்லேஜ். நியூயோர்க்கும் லண்டனும் இந்த ஒரு விஷயத்தை ரொறன்ரோவிடமிருந்துதான் படித்தன.

கதை இப்படி. 1964இல் யோர்க்டேல் மோல் திறந்தது. குளிரிலும் மழையிலும் நனையாமல், காரை இலவசமாக விட்டுவிட்டு, ஒரே கூரையின் கீழ் எல்லாம் வாங்கலாம். 1968இல் சுரங்க ரயில் புளூர் வீதியின் கீழே ஜேன் பக்கமாக நீண்டது. அதுவரை தெருவில் ஓடிய ட்ராம் நின்றது. ட்ராமில் போகிறவர் யன்னலால் கடையைப் பார்த்தாவது போவார். சுரங்க ரயிலில் போகிறவருக்கு மேலே கடை இருப்பதே தெரியாது. வியாபாரம் விழுந்தது.

அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு வர்த்தகர் சங்கம் இருந்தது. சந்தா விருப்பப்படி. வேலையைச் சிலர் செய்தார்கள், பலனை எல்லோரும் எடுத்தார்கள். கார் விட இடம் தேடும் குழு ஒன்று அந்தச் சங்கத்துக்குள் இருந்தது. எல்லாக் கடைகளிடமும் வரி மூலம் காசு எடுக்க வழி இல்லையா என்ற யோசனை அந்த வட்டத்தில்தான் சூடு பிடித்தது. 1969 டிசம்பரில் மாகாண அரசு அதற்கு இடம் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1970 மே மாதம் நகரசபை துணைச்சட்டம் போட்டது. முதல் வருட வரவுசெலவு 47,500 டொலர். அதில் மரங்களுக்கு மின்குமிழ், பூச்சாடி, வாங்கு, குப்பைத்தொட்டி. அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தத் தெருவில் நடந்தால் இதற்கா இவ்வளவு பாடு என்றுதான் தோன்றும். ஆனால் 1970இல் ஒரு தெருவே சேர்ந்து இதைச் செய்தது புதுசு.

எங்களுக்கு ஏற்கெனவே வர்த்தகர் சங்கம் இருக்கிறதே. அது போதாதா?

நம் வர்த்தகர் சங்கங்கள் நல்ல வேலை செய்கின்றன. விருது விழா, வழிகாட்டிப் புத்தகம், அரசியல்வாதிகளோடு சந்திப்பு எல்லாம் அவற்றால் நடக்கின்றன. ஆனால் அவை ஆட்களின் சங்கங்கள், இது இடத்தின் சங்கம். அங்கே நம்மவர் எந்த நகரத்தில் கடை வைத்திருந்தாலும் உறுப்பினர் ஆகலாம். இங்கே ஒரே தெருவில் இருக்கும் தமிழ் நகைக்கடை, கொரிய மரக்கறிக்கடை, கிரேக்க பேக்கரி, வங்கி, பல் வைத்தியர் எல்லோரும் ஒரே சங்கம்.

இன்னொன்று காசு. விருப்பச் சந்தா எப்படி முடியும் என்பது கோயில் திருவிழாக் கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். முதல் வருடம் எல்லோரும் தருவார்கள். இரண்டாம் வருடம் "அவர் தரவில்லையே, நான் ஏன்?" என்று ஒருவர் கேட்பார். மூன்றாம் வருடம் தலைவரும் பொருளாளரும் தங்கள் கைக்காசைப் போடுவார்கள். நாலாம் வருடம் சங்கம் பெயரளவில் இருக்கும். தெருவுக்கு விளக்குப் போட்டால் காசு தராதவர் கடை வாசலிலும் வெளிச்சம் விழத்தான் செய்யும். அதை மறைக்க முடியாது. கட்டாயக் கட்டணம் அந்த ஒரு சிக்கலுக்கு மருந்து. எனக்குப் பிடிக்காத மருந்து. ஆனால் அது இல்லாமல் இந்த வேலை நிலைத்து நான் பார்த்ததில்லை.

எவ்வளவு கட்ட வேண்டி வரும்?

தெருவுக்குத் தெரு மாறும். கணக்குப் போடும் முறை மட்டும் ஒன்றுதான்: குழு வரவுசெலவைத் தீர்மானிக்கிறது, அது சொத்துகளின் மதிப்பீட்டுக்கு ஏற்பப் பிரிகிறது.

ஒரு கற்பனை உதாரணம். எல்லைக்குள் இருக்கும் வர்த்தகச் சொத்துகளின் மொத்த மதிப்பீடு 20 கோடி டொலர் என்று வையுங்கள். அந்த ஆண்டுக்கு 200,000 டொலர் வேண்டும். உங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் மதிப்பீடு 15 லட்சம் டொலர். மொத்தத்தில் 0.75 வீதம். ஆகவே அந்தக் கட்டடத்துக்கு 1,500 டொலர். உள்ளே சம அளவில் மூன்று கடைகள் இருந்தால் கடைக்கு வருடம் 500, மாதம் நாற்பத்திரண்டு டொலர் அளவில் வரும்.

பெரிய சொத்துக்காரர் அதிகமும் சிறியவர் குறைவாகவும் கட்டுகிறார் என்பது இதன் நியாயம். குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லையையும் சில இடங்களில் வைப்பார்கள்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்குக் கடிதமே வரவில்லை. ஆனால் காசு மட்டும் என்னிடம் எடுக்கிறார்களே?

இதுதான் என்னைக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போன கேள்வி.

நகரசபை கடிதம் அனுப்புவது சொத்து உரிமையாளருக்கு. ஒன்ராறியோவின் நகராட்சிச் சட்டம் சொல்வது இது: புதிய பி.ஐ.ஏ. பற்றிய அறிவித்தல் கிடைத்த 30 நாளுக்குள், வரியில் பங்கு கட்டும் ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் உரிமையாளர் பிரதி கொடுக்க வேண்டும். அந்த வாடகைக்காரர்களின் பட்டியலையும் நகரசபை எழுத்தரிடம் தர வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கடிதம் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு கம்பனியின் மேசை லாச்சியில் கிடக்கும். எனக்கு வரவேண்டிய கடிதம் வேறொரு நகரத்திலிருந்த ஒரு தபால் பெட்டிக்குப் போயிருந்தது. பி.ஐ.ஏ. உருவாகி ஒரு வருடம் கழித்துத்தான் நான் அதன் உறுப்பினர் என்று எனக்கே தெரியும்.

செய்யவேண்டியது இரண்டு. லீஸை எடுத்துப் பாருங்கள். வரி உங்கள் தலையில் என்று எழுதியிருந்தால் நீங்கள் உறுப்பினர், வாக்கு உண்டு. சொத்து எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். கட்டடச் சொந்தக்காரருக்கும் ஒன்று, உங்களுக்கும் ஒன்று. அடுத்தது, பி.ஐ.ஏ. அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் அவர்களது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்கு முன் அந்தக் கடையை வைத்திருந்தவரின் பெயர்தான் இருக்கும்.

வேண்டாம் என்று சொல்லி நிறுத்த முடியுமா?

தனியாக விலக முடியாது. எல்லோரும் சேர்ந்து தடுக்கலாம். மாகாணச் சட்டப்படி, அறிவித்தல் வந்த 60 நாளுக்குள், அறிவித்தல் பெற உரிமை உள்ளவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் எழுத்தில் எதிர்க்க வேண்டும். அப்படி எதிர்ப்பவர்கள் அந்தப் பகுதியின் வர்த்தகச் சொத்துகளுக்கான நகர வரியிலும் மூன்றில் ஒரு பங்கையாவது கட்டுபவர்களாக இருக்க வேண்டும். தலைக்கணக்கும் காசுக்கணக்கும் இரண்டும் சேர்ந்தால்தான் தடை. ரொறன்ரோவுக்குத் தனிச்சட்டம் இருப்பதால் இங்கே நகரசபை எழுத்தர் வாக்குச்சீட்டு அனுப்பி வாக்கெடுப்பு நடத்துகிறார்.

வாயால் எதிர்ப்பவர்கள் நிறையப் பேர். எழுதிக் கொடுப்பவர்கள் சிலர்தான்.

அந்தக் காசை எதற்குச் செலவழிக்கலாம்?

மாகாணச் சட்டம் முக்கியமாக இரண்டு வேலைகளைச் சொல்கிறது. ஒன்று, நகரசபைக்குச் சொந்தமான நிலத்தையும் கட்டடங்களையும் நகரசபை வழக்கமாகச் செய்வதற்கு மேலாக அழகுபடுத்துவது, பராமரிப்பது. மற்றது, அந்தப் பகுதியை வியாபார இடமாக விளம்பரப்படுத்துவது.

"மேலாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். நடைபாதையைத் திருத்துவதும் குப்பை அள்ளுவதும் நகரசபையின் கடமை. அதைச் செய்யாமல் "உங்கள் சங்கம் இருக்கிறதே" என்று ஒரு அதிகாரி கை காட்டினால், அந்தச் சொல்லைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். நாங்கள் கேட்டிருக்கிறோம். பலித்தும் இருக்கிறது.

பெரிய தெருவேலைகளுக்கு ரொறன்ரோ நகரசபை பாதிக் காசு போடும் ஒரு திட்டம் இருக்கிறது. விளக்குத்தூண், மரக்குழி, சிறு சதுக்கம் போன்றவற்றுக்கு நீங்கள் ஒரு டொலர் வைத்தால் அவர்கள் ஒரு டொலர். பல பி.ஐ.ஏ.க்களுக்கு உண்மையான லாபம் இங்கேதான்.

பூச்சாடி வைத்தால் வியாபாரம் வந்துவிடுமா?

வராது.

பூச்சாடியைப் பார்த்து யாரும் சேலை வாங்க வரமாட்டார்கள். ஆனால் மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும் நவம்பரில், வெளிச்சமும் துப்புரவும் உள்ள தெருவில் பெண்கள் பிள்ளைகளோடு இறங்கி நடப்பார்கள். இருட்டான தெருவில் காரை விட்டு இறங்கி ஒரே கடைக்குள் போய்ச் சாமானை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பக்கத்துக் கடைக்குப் போகும் அந்த இரண்டாவது நடைதான் கடைத்தெருவின் சீவன்.

அதைவிடப் பெரிய விஷயம் சம்பளம் வாங்கும் ஒரு ஆள். அமெரிக்காவில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை 1977இல் மூன்று சிறிய ஊர்களை எடுத்துப் பரீட்சித்தது: இல்லினோயில் கேல்ஸ்பேர்க், இண்டியானாவில் மடிசன், தெற்கு டக்கோட்டாவில் ஹொட் ஸ்பிரிங்ஸ். மூன்று ஊரின் கடைத்தெருவும் மோல்களால் வாடியவை. அங்கே அவர்கள் செய்த முக்கியமான காரியம், ஒவ்வொரு ஊருக்கும் அந்தத் தெருவையே வேலையாகக் கொண்ட ஒரு முகாமையாளரைப் போட்டதுதான். மோலுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், தெருவுக்கு ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வி. 1980இல் அது 'மெயின் ஸ்ரீட்' என்ற தேசியத் திட்டம் ஆனது.

எங்கள் தெருவிலும் அதைத்தான் பார்த்தேன். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பின்னேரம் நாலு மணிக்குக் கல்லாவை விட்டுவிட்டு நகரசபைக்குப் போன் எடுக்கமாட்டார். பகுதிநேரமாக ஒரு இளம் பெண்ணை வேலைக்கு எடுத்தோம். எரியாத விளக்கு, உடைந்த வாங்கு, காலிக் கடையின் சொந்தக்காரர் யார் என்ற விசாரணை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, முடிந்ததை வெட்டிக்கொண்டே போனார். பூச்சாடிகளைவிட அந்தக் கொப்பி எங்களுக்கு அதிகம் செய்தது.

காலியாகக் கிடக்கும் கடைகளை என்ன செய்வது?

பி.ஐ.ஏ.வுக்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசலாம். காலி யன்னலில் பாடசாலைப் பிள்ளைகளின் ஓவியம் வைக்க விடுங்கள் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் காலி வர்த்தகச் சொத்துக்கு வரித் தள்ளுபடியே கொடுத்தார்கள். பூட்டி வைப்பவருக்குப் பரிசு கொடுப்பதுபோல. ரொறன்ரோவில் அது 2018இல் நின்றது.

தெருத் திருவிழா வைத்தால் நல்லதல்லவா?

டான்ஃபோர்த் கிரேக்கத் தெருவின் உணவுத் திருவிழா 1990களில் சிறிதாகத் தொடங்கி, ஒரு வார இறுதியில் பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் வருவதாக ஏற்பாட்டாளர்கள் சொல்லுமளவுக்கு வளர்ந்தது. லோரன்ஸ் கிழக்கில் வெக்ஸ்ஃபோர்ட் ஹைட்ஸ் பி.ஐ.ஏ. நடத்தும் 'ரேஸ்ட் ஒஃப் லோரன்ஸ்' ஸ்காபரோவில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. மார்க்கம் வீதியில் 2015இலிருந்து நடந்த தமிழர் தெருவிழா வேறு வகை. அது சமூக அமைப்பின் விழா, கடைத்தெருச் சங்கத்தினுடையது அல்ல.

விழா நாளில் யாருக்கு விற்கும்? வாசலில் மேசை போட்டுக் கொத்துரொட்டி, சோளம், கரும்புச்சாறு விற்பவருக்கு. கண்ணாடிக் கடைக்கும் கணக்காளர் அலுவலகத்துக்கும் அன்று பூட்டு. எங்கள் தெருவில் ஒரு தளபாடக் கடைக்காரர் ஒவ்வொரு ஏ.ஜி.எம்.மிலும், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும், எழுந்து, "விழா அன்று எனக்கு மலசலகூடம் கேட்டு வந்த ஆட்கள்தான்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவர் சொன்னது உண்மை. வருட வரவுசெலவில் பாதி ஒரே வார இறுதியில் கரைந்தால் அவருக்குக் கோபம் வருவதில் பிழை இல்லை. விழாவுக்கு வந்தவர் அடுத்த மாதம் திரும்பி வந்தாரா என்று பார்க்க வேண்டும். அதை யாரும் எண்ணுவதில்லை.

எங்கள் தெருவின் ஒரே பிரச்சினை பார்க்கிங். அதை முதலில் தீர்க்க வேண்டாமா?

நானும் அப்படித்தான் நம்பினேன். 2009இல் புளூர் வீதியின் அனெக்ஸ் பகுதியில் ஒரு ஆய்வு செய்தார்கள். வாடிக்கையாளர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டபோது, பத்தில் ஒருவர்தான் காரில் வந்தவர். மற்றவர்கள் நடந்தும் சைக்கிளிலும் ரயிலிலும் வந்திருந்தார்கள். 2016இல் அதே வீதியில் சைக்கிள் பாதையைப் பரீட்சார்த்தமாகப் போட்டார்கள். வியாபாரம் அழிந்துவிடும் என்று பயந்தவர்கள் பலர். வாடிக்கையாளர் வருகையும் செலவும் கூடியதாகவே கணக்கு வந்தது. 2017இல் அதை நிரந்தரம் ஆக்கினார்கள்.

இதை அப்படியே ஸ்காபரோவுக்குப் பொருத்த முடியாது. எக்ளின்டன் கிழக்குக்கோ மார்க்கம் வீதிக்கோ ஒரு மாதத்துக்கான அரிசி மூட்டை வாங்க வருகிறவர் சைக்கிளில் வரமாட்டார். ஆனால் கார் விட இடம் இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு சனிக்கிழமை வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணியபோது, தெருவோர இடங்களில் விடிய ஒன்பது மணியிலிருந்து நிற்கும் கார்களில் நாலைந்து எங்கள் கடைக்காரர்களுடையதே. அதில் ஒன்று என்னுடையது.

எங்கள் கடை பிளாசாவுக்குள் இருக்கிறது. எங்களுக்கு பி.ஐ.ஏ. உதவுமா?

நம்மவர்களில் பெரும்பாலோரின் நிலை இதுதான். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1980களில் தமிழர்கள் வந்து இறங்கிய சென் ஜேம்ஸ் டவுன் பக்கத்தில் கடைகள் தெருவைப் பார்த்தபடி இருந்தன. பிறகு ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் நகர்ந்தோம். அங்கே தெருவுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு பெரிய கார்த் தரிப்பிடம். அது தனியார் நிலம். அழகுபடுத்தவும் பராமரிக்கவும் எடுக்கும் பி.ஐ.ஏ. காசு நகரசபை நிலத்துக்குத்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா? உங்கள் பிளாசாவின் குழி விழுந்த தரிப்பிடத்தையோ எரியாத விளக்கையோ அந்தக் காசால் தொட முடியாது. வீதி ஓரத்து நடைபாதையில் பூச்சாடி வரும், கொடிகள் தொங்கும். கடை வாசலில் பனி அள்ளாமல் கிடக்கும்.

பிளாசாவுக்குள் அந்த வேலைக்கான காசை நீங்கள் ஏற்கெனவே ரீ.எம்.ஐ.யின் பராமரிப்புப் பங்கில் கட்டுகிறீர்கள். ஆகவே முதலில் கேட்கவேண்டிய இடம் கட்டடச் சொந்தக்காரர். தனித்தனியாகக் கேட்டால் பதில் வராது. பத்துக் கடை சேர்ந்து ஒரே கடிதத்தில் வருடாந்தப் பராமரிப்புக் கணக்கைக் கேட்டால் வரும். கடைகளைத் தனித்தனியாக விற்ற கொண்டோ பிளாசாவாக இருந்தால் இன்னும் வசதி. அங்கே உரிமையாளர்களின் நிர்வாகக் குழு சட்டப்படி இருக்கிறது, தேர்தலில் நிற்கலாம்.

பிளாசாக் கடைகளுக்கு பி.ஐ.ஏ. உதவும் இடமும் உண்டு. வீதியைக் கடக்கச் சமிக்ஞை விளக்கு, பஸ் தரிப்பிடம், பகுதிக்கு ஒரு பெயர், ஒரு குரல் என்பவை அதில் அடங்கும். ஸ்காபரோவில் உள்ள பி.ஐ.ஏ.க்கள் அதைத்தான் முயல்கின்றன.

ஜெரார்ட் இந்தியா பஸாரில் சங்கம் இருந்தும் ஏன் பழைய கூட்டம் இல்லை?

1972இல் அங்கே நாஸ் தியேட்டர் திறந்தபோது, வட அமெரிக்காவில் தெற்காசியப் படங்களையே காட்டிய முதல் தியேட்டர் அது. படம் பார்க்க பஃபலோவிலிருந்தும் மொன்றியலிலிருந்தும்கூட வந்தவர்கள் சாப்பிட்டு, புடவை வாங்கி, பாட்டுக் கசெற்றும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தைச் சுற்றித் தெரு வளர்ந்தது. ஸ்காபரோவில் நமக்கென்று கடைகள் பெருகுமுன் தமிழர்களும் அங்கே போனவர்கள்தான். 1980களின் தொடக்கத்திலேயே பி.ஐ.ஏ.வும் வந்துவிட்டது. தெற்காசியத் திருவிழாவும் நடத்துகிறார்கள்.

ஆனால் வாடிக்கையாளர் பிரம்டனுக்கும் மிசிசாகாவுக்கும் ஸ்காபரோவுக்கும் குடிபெயர்ந்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய கடை வந்துவிட்டது. படம் முதலில் கசெற்றிலும் பிறகு போனிலும் வந்துவிட்டது. ஆட்கள் வீடு மாறுவதை எந்தச் சங்கமும் தடுக்காது. அந்தத் தெரு இன்று உயிரோடு இருக்கிறது. ஆனால் பக்கத்தில் குடிவந்த இளம் குடும்பங்களுக்குக் கோப்பி விற்கும் கடைகளும் சேலைக் கடைகளும் கலந்த வேறொரு தெருவாக. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெரு நன்றாக வந்தால் வாடகை ஏறிவிடாதா?

ஏறும். இந்தக் கேள்விக்கு பி.ஐ.ஏ. ஆட்கள் நேராகப் பதில் சொல்வதில்லை.

ஒன்ராறியோவில் வர்த்தகக் கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. ஐந்து வருடம் ரீ.எம்.ஐ. மூலம் நீங்கள் காசு கட்டித் தெருவை அழகாக்குவீர்கள். லீஸ் முடியும்போது "இப்போது தெரு நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அதற்கும் உங்களிடமே காசு கேட்பார்கள். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர். எனக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். தெருவின் நடுவிலிருந்து ஒரு பக்கச் சந்துக்குக் கடையை மாற்றிக்கொண்டேன்.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2005இல் கிங்ஸ்டன் நகரில் முதல் பி.ஐ.டி. வந்தது. பி.ஐ.ஏ.வுக்கு அங்கே அதுதான் பெயர். அங்கேயும் கட்டணம் கடை நடத்துபவர் தலையில்தான். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் வாக்கெடுப்பு. தலைக்கணக்கிலும் மதிப்பீட்டுக் கணக்கிலும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் சங்கம் முடிந்தது. அந்தப் பயம் நிர்வாகத்தை விழிப்பாக வைத்திருக்கும். இங்கே கலைக்க வழி இருந்தாலும், தானாக வரும் அந்தக் கெடு இல்லை.

வேறுவிதமாக யோசித்தவர்கள் ஜப்பானியர். ஷிகோகு தீவில் தக்கமட்சு நகரின் மருகமே என்ற கடைத்தெரு, சுமார் 470 மீற்றர் நீளம். அங்கே நிலச் சொந்தக்காரர்கள் நிலத்தை விற்கவில்லை. கிட்டத்தட்ட அறுபது வருடக் குத்தகைக்குத் தாங்களே சேர்ந்து அமைத்த ஒரு கம்பனியிடம் கொடுத்தார்கள். எந்த இடத்தில் எந்தக் கடை வரவேண்டும் என்பதை அந்தக் கம்பனி தீர்மானிக்கிறது. நிலக்காரர்களுக்கு வரும் வருமானம் தெருவின் விற்பனையோடு ஏறும், இறங்கும். விற்பனை விழுந்தால் அவர்களுக்கும் அடி. 2006இல் முதல் பகுதி புதிதாகக் கட்டி முடிந்தது; பிறகு நாற்சந்தியின்மேல் பெரிய கண்ணாடிக் கூரை. கூரையைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்கு அந்தக் குத்தகை ஒப்பந்தத்தைத்தான் பார்க்க ஆசை.

நகரம் ரோட்டைத் தோண்டத் தொடங்கினால் சங்கம் காப்பாற்றுமா?

ஓரளவுக்கு மேல் முடியாது. எக்ளின்டன் ரயில் வேலை 2011இல் தொடங்கியது. 2020இல் ஓடும் என்றார்கள், அந்த வருடம் ஓடவில்லை. ஜமேக்காக்காரரின் கடைகள் நிறைந்த எக்ளின்டன் மேற்குப் பகுதியில் வேலிக்குப் பின்னால் வருடக்கணக்கில் மறைந்திருந்த கடைகள் பல பூட்டியே விட்டன. சங்கம் "கடை திறந்திருக்கிறது" என்று பலகை வைத்தது, குரல் கொடுத்தது. விழுந்த வருமானத்தை ஈடுசெய்ய அதனிடம் காசு கிடையாது.

ஊரில், சென்னையில், இப்படி ஏதாவது உண்டா?

தமிழ்நாட்டில் வணிகர் சங்கங்களுக்குக் குறைவில்லை. மே 5ஐ வணிகர் தினமாகக் கொண்டாடுமளவுக்குப் பலமான பேரமைப்பு இருக்கிறது. அவை அரசோடு பேசுகிற, போராடுகிற சங்கங்கள். ஒரு தெருவின் கடைகளிடம் சொத்து வரியோடு கட்டாயக் கட்டணம் எடுத்து அந்தத் தெருவுக்கே செலவழிக்கும் முறை அங்கே இல்லை.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் 2019இல் திறந்தது. ஆனால் அது ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் மாநகராட்சி கட்டியது. அங்கே நடைபாதையில் இருந்த வியாபாரிகளை அதற்குப் பல வருடம் முன்பே தனிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இந்தியாவில் 2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது வீதம் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும் என்கிறது. வாசலில் பூ விற்கும் அம்மாவுக்கும் கூட்டத்தில் கதிரை. எங்கள் பி.ஐ.ஏ.வில் அதற்கு இடமே இல்லை. சொந்தமாகவோ வாடகைக்கோ கடை இல்லாதவருக்கு வாக்கு இல்லை.

குழுவில் சேருவது எப்படி? கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள், நகரசபை நியமிக்கிறது. கவுன்சிலரும் குழுவில் இருப்பார். பதவிக்காலம் நகரசபையின் காலத்தோடு, நாலு வருடம். பெரும்பாலான தெருக்களில் போட்டியே இருக்காது. வந்தவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். என்னை அப்படித்தான் பிடித்தார்கள்.

குழுவுக்கு நேரம் இல்லையென்றால் வருடத்தில் ஒரு பின்னேரம் ஏ.ஜி.எம்.முக்காவது போங்கள். பல இடங்களில் அது இலையுதிர் காலத்தில் வரும். அடுத்த வருடத்தின் வரவுசெலவை அங்கேதான் உறுப்பினர்கள் வாக்குக்கு எடுக்கிறார்கள். இருநூறு உறுப்பினர் உள்ள எங்கள் தெருவில் பதினெட்டுப் பேர் வந்த கூட்டத்தில் கட்டணம் கூட்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினெட்டில் வாடகைக் கடைக்காரர் ஆறு பேர்.

போனால் மூன்று இடத்தைப் பாருங்கள். சம்பளத்துக்கு எவ்வளவு, விழாவுக்கு எவ்வளவு, கைவசம் மிச்சம் எவ்வளவு. மிச்சம் வருடாவருடம் ஏறிக்கொண்டே போனால், எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள். தமிழில் கேட்டாலும் பரவாயில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு ஐயா அப்படித்தான் கேட்டார், பக்கத்தில் இருந்த பேத்தி மொழிபெயர்த்தாள். அடுத்த வருடம் கட்டணம் ஏறவில்லை.